ஹைட்ரோஃபாயில் சர்ஃபிங்குக்கு எலக்ட்ரிக் அசிஸ்ட் மோட்டார்: நம்ம கோவளம் அலைக்கு இது பிரயோஜனமா?

அலைதேடி_ஈசிஆர்:

வணக்கம் மக்களே. சென்னை ஈசிஆர் பக்கம் இருக்கேன், வயசு 38, வெயிட் 80 கிலோ. அஞ்சு வருஷமா கோவளத்துல சர்ஃப் பண்றேன், லாங்போர்டு நல்லாவே ஓட்டுவேன். போன வருஷம் ஃபாயில் (போர்டுக்குக் கீழ தண்ணிக்குள்ள இருக்கிற இறக்கை, வேகம் வந்தா போர்டையே தண்ணிக்கு மேல தூக்கும்) ஆசை வந்து ஒரு செகண்ட் ஹேண்ட் செட் வாங்கினேன். போர்டையும் இறக்கையையும் இணைக்கிற 75 சென்டிமீட்டர் அலுமினியம் மாஸ்ட், 1500 சதுர சென்டிமீட்டர் முன் விங், போர்டு அஞ்சடிக்கு கொஞ்சம் மேல.

விஷயம் என்னன்னா பறக்குறது பிரச்சனை இல்ல, பறக்க ஆரம்பிக்குறதுதான் பிரச்சனை. அந்தச் சின்ன போர்டுல படுத்து துடுப்புப் போட்டா நகரவே மாட்டேங்குது, கீழ ஃபாயில் வேற நங்கூரம் மாதிரி இழுக்குது, அலை வர்ற நேரத்துக்கு வேகம் பத்தாம அலை என்னைத் தாண்டிப் போயிடும், இல்லன்னா உடையிற இடத்துல மாட்டி மூக்கு குத்தி விழுவேன். காலைல ரெண்டு மணி நேரம் தண்ணியில நின்னா மூணு அலை கிடைக்கும், அந்த மூணுலயும் சேர்த்து நிஜமா பறந்தது 20 செகண்ட் இருந்தா அதிகம். எட்டு மாசத்துல மொத்தமா அரை மணி நேரம் கூட பறந்திருக்க மாட்டேன்னு நேத்து கணக்குப் போட்டுப் பாத்தேன், மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு.

இப்போ மாஸ்ட்ல கிளாம்ப் பண்ற சின்ன மோட்டார் வந்திருக்குல்ல, ஃபாயில் டிரைவ் மாதிரி, கைல ரிமோட், போர்டு மேல பேட்டரி பெட்டி. அதை மாட்டினா அலைக்குள்ள ஏறுற வரைக்கும் மோட்டார் தள்ளும், ஏறினதும் ஆஃப் பண்ணிட்டு அலையிலயே போகலாம்ங்கறாங்க. மூணு லட்சம் வரைக்கும் எடுத்து வச்சிருக்கேன். நம்ம ஊரு அலைக்கு அந்தக் காசு வீண் போகாதா? மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தே வர்ற முழு இஃபாயிலே வாங்கிடறது நல்லதா? இல்ல யாராவது சொந்தமா செஞ்சு பாத்திருக்கீங்களா? எங்க குரூப்ல நான் ரொம்ப மதிக்கிற ஒரு அண்ணன் "மோட்டார் வச்சா அது சர்ஃபிங்கே இல்லடா"ன்னு சொல்லிட்டார், அதுவும் உறுத்திக்கிட்டே இருக்கு. அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

ஸ்வான்நதிக்கரை:

தம்பி, நான் தூத்துக்குடிக்காரன், இப்போ பெர்த்ல இருக்கேன். ரெண்டு வருஷமா அசிஸ்ட் வச்சு ஓட்டுறேன், அதுக்கு முன்னாடி மூணு வருஷம் மோட்டார் இல்லாம ஓட்டினவன்.

எங்க ஊரு நிலைமையை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா உங்க கோவளத்துக்கும் இதுக்கும் நிறைய ஒத்துமை இருக்கு. பெர்த்ன்னா பெரிய பெரிய அலைன்னு எல்லாரும் நெனைப்பாங்க, ஆனா நகரத்து பீச்சுக்கு நேரா ராட்நெஸ்ட் தீவு 19 கிலோமீட்டர்ல படுத்திருக்கு, கூட பாறைத் திட்டு வேற, வர்ற அலையோட பலத்தையெல்லாம் அது வாங்கிக்கும். வெயில் காலத்துல இங்க முழங்கால் உயரம், இடுப்பு உயரம் அவ்வளவுதான், மதியம் ஆனா ஃப்ரீமாண்டில் டாக்டர்னு பேர் வச்ச கடல்காத்து வந்து எல்லாத்தையும் கலக்கிடும். ஷார்ட்போர்டுக்கு அது ஒண்ணுத்துக்கும் ஆகாத கடல். ஃபாயிலுக்கு அது விருந்து.

அசிஸ்ட் ஏன் வேலை செய்யுதுங்கறதை ஒரு சின்ன கணக்குல சொல்றேன். விங்கோட தூக்குற பலம் வேகத்தோட வர்க்கத்துல ஏறும், வேகம் பாதியானா தூக்கு பலம் கால்வாசிதான். நீங்க 80 கிலோ, போர்டும் ஃபாயிலும் சேர்த்து இன்னொரு 10 கிலோ, 1500 விங்குன்னா மணிக்கு 13, 14 கிலோமீட்டர் வேகம் வந்தாத்தான் அது உங்கள தூக்கும். படுத்து கை போட்டா அஞ்சு, மிஞ்சினா ஆறு கிலோமீட்டர். மிச்சத்தை அலைதான் கொடுக்கணும். அந்த அளவுக்குத் தள்ளி விடுற அலைன்னா உடையப் போற செங்குத்து அலை, ஃபாயிலுக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. நீங்க மூக்கு குத்தி விழறதுக்கு இதுதான் காரணம், உங்க திறமைக் குறைவு இல்ல.

நல்ல இடம் இன்னும் வெளில, அலை உடையாம உருண்டு வர்ற இடம். ஆனா அங்க அலையோட வேகம் அதிகம். ஆழம் ஒன்றரை மீட்டர்ல அலை 14 கிலோமீட்டர் வேகத்துல போகும், நாலு மீட்டர் ஆழத்துல அதே அலை 22 கிலோமீட்டர் கிட்ட ஓடும். கையால அதைத் துரத்திப் பிடிக்க மனுஷனால முடியாது, மோட்டாரால முடியும். இதை நான் முதல் தடவை செஞ்ச அன்னைக்கு, யாருமே அலைன்னு மதிக்காத ஒரு மேட்டு மேல ஏறி, மோட்டாரை விட்டுட்டு, ஒரு சத்தமும் இல்லாம 400 மீட்டர் போனேன். கரைக்கு வந்து மணல்ல உக்காந்துட்டேன், பேச்சே வரல.

இஃபாயில் வேற சாமான். அதுல மோட்டார் கீழ ஃபாயில் பக்கத்துலயே இருக்கும், பேட்டரி பெருசு, மொத்தம் 25, 30 கிலோ வரும், அலை இல்லாத தண்ணியில ஒரு மணி நேரத்துக்கு மேல சுத்தலாம். போர்ட்டோ ரிக்கோ கம்பெனி லிஃப்ட், இங்க ஆஸ்திரேலியா கம்பெனி ஃப்ளைட்போர்ட் ரெண்டும் நல்ல சாமான்தான், ஆனா அலையில அந்த எடையைத் திருப்பவே தனி பலம் வேணும், மோட்டாரை நிறுத்தினா புரொப்பல்லர் தண்ணியில இழுத்துக்கிட்டே வரும். அசிஸ்ட்ல மோட்டாரை மாஸ்ட்ல மேலாக்க, போர்டுக்கு சற்று கீழ மாட்டுறாங்க. நீங்க எழும்பினதும் மோட்டார் தண்ணிய விட்டு வெளில வந்துடும், அப்புறம் கீழ இருக்கறது உங்க ஃபாயில் மட்டும்தான். திரும்ப சக்தி வேணும்னா கொஞ்சம் இறங்கி மோட்டாரை நனைச்சா போதும். இந்த ஒரு யோசனைதான் இதோட உயிர்நாடி.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. மோட்டார் தள்ளுற இடம் உங்க உடம்போட எடை மையத்துக்கு ரொம்பக் கீழ, அதனால ஓடும்போது மூக்கைத் தூக்கும். நீங்க முன்காலை அழுத்தி சமாளிச்சிட்டு இருப்பீங்க, டக்குனு ரிமோட்ல இருக்கிற டிரிகரை விட்டா அந்தத் தூக்கல் போயிடும், முன்கால் அழுத்தம் மட்டும் மிச்சம் இருக்கும், நேரா குத்தும். முதல் வாரம் பூரா நான் விழுந்தது இப்படித்தான். டிரிகரை மெதுவா விடப் பழகுங்க, விடும்போதே எடையைப் பின்னாடி மாத்துங்க.

கோவை_வைண்டிங்:

வணக்கமுங்க. எங்க குடும்பமே பம்ப் மோட்டார் வைண்டிங் தொழில்ல இருக்கறது, கடல் பக்கத்துல இல்லீங்க, மாசத்துக்கு ஒருக்கா வர்கலாவுக்கோ மாமல்லபுரத்துக்கோ போவேன். சொந்தமா அசிஸ்ட் செஞ்சு ஒன்றரை வருஷமா ஓட்டிட்டு இருக்கேனுங்க. ரெண்டு வாட்டி செஞ்சேன், முதல் வாட்டி வீணாப் போச்சு, அதையும் சொல்றேன்.

மோட்டார் 6384 சைஸ் அவுட்ரன்னர், அதாவது 63 மில்லி விட்டம், 84 மில்லி நீளம், எலக்ட்ரிக் ஸ்கேட்போர்டுக்கு விக்கற ரகமுங்க. ஸ்டேட்டர்ல இருந்த வைண்டிங்கை அவுத்து நானே குறைஞ்ச கேவிக்கு (ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுத்துங்கற கணக்கு) சுத்திக்கிட்டேன், மேல எப்பாக்ஸி ஊத்தி மூடினேன். இந்த மோட்டார் தண்ணிக்குள்ள தொறந்தே ஓடும், தண்ணியே அதுக்குக் குளிர்ச்சி, எரிஞ்சு போற பயம் கம்மி. பேரிங்தான் எமன். உப்புத்தண்ணியில சாதா பேரிங் மூணு வாரம் தாங்காது, துருப்பிடிச்சு கரகரன்னு சத்தம் வரும், ஸ்டெயின்லெஸ்ஸோ செராமிக்கோ போட்டே ஆகணும், ஒவ்வொரு வாட்டியும் நல்ல தண்ணியில முக்கி ஓட்டிக் கழுவணும்.

பேட்டரி 21700 சைஸ் லித்தியம் செல், 10 சீரிஸ் 3 பேரலல், மொத்தம் 30 செல்லுங்க. ஒரு செல் 4.2 ஆம்பியர் ஹவர், 70 கிராம். ஆக 36 வோல்ட், 12.6 ஆம்பியர் ஹவர், 450 வாட்-ஹவர், செல் எடை மட்டும் 2 கிலோ 100. பெட்டி, கண்ட்ரோலர், மோட்டார், கேபிள் எல்லாம் சேர்த்து என் போர்டுல அஞ்சு கிலோ ஏறுச்சு. கமர்ஷியல் கிட்டு இதைவிட நல்லா அடக்கமா இருக்கும், அதை மறைக்கல.

சார்ஜ் எவ்வளவு நேரம் வரும்னு கேட்டா நேரமா கணக்குப் போடாதீங்க, அலை எண்ணிக்கையா போடுங்க. கண்ட்ரோலர் பதிவுல பாத்தது சொல்றேன், எழும்பறப்ப 2000 வாட் கிட்ட இழுக்கும், எட்டு செகண்ட். அது நாலரை வாட்-ஹவர்கூட இல்லீங்க. எழும்பினதுக்கப்புறம் பறந்துக்கிட்டே திரும்பி வெளில வர 700 வாட் போதும், ஒரு நிமிஷம்னா 12 வாட்-ஹவர். ஆக ஒரு அலைக்கு போகவர 16, 17. பேட்டரிய அடி வரைக்கும் உறிஞ்சாம 360 வாட்-ஹவர் எடுத்துக்கிட்டா 20 அலைக்கு மேல வருது. திரும்பி வர்றப்ப நீங்களே பம்ப் பண்ணி, அதாவது காலால போர்டை அமுக்கி அமுக்கிப் பறந்து வந்தா 70, 80 வாட்டி எழும்பலாம். அலைதேடி சொன்ன ரெண்டு மணி நேரத்துல மூணு அலைங்கறதை இதோட வச்சுப் பாருங்க.

இழுவை சோதனைக்கு எங்க தோட்டத்துத் தொட்டியில கட்டி லக்கேஜ் தராசு மாட்டிப் பாத்தேன், நின்ன இடத்துல 18 கிலோ இழுத்துது. 80 கிலோ ஆளுக்கு அலையோட உதவி இருந்தா தாராளமா போதும், அலையே இல்லாத தண்ணியில கொஞ்சம் திணறும்.

முதல் வாட்டி கெட்டது கேபிள் உள்ள போற இடத்துலீங்க. ஓரிங் ரப்பர் வளையத்து ஓரமா ஒரு மணல் துகள் இருந்திருக்கு, பெட்டிக்குள்ள ரெண்டு ஸ்பூன் கடல் தண்ணி போயிருச்சு. வீட்டுக்கு வந்து தொறந்தப்போ நிக்கல் பட்டை மேல வெள்ளையும் பச்சையுமா பூத்திருந்துச்சு, ஒரு செல் தொட்டா சுட்டுது. வெளிய மணல்ல கொண்டுபோய் வச்சேன், ராத்திரி பூரா தூங்கல, நல்ல வேளையா பத்திக்கல. வீட்ல குழந்தைங்க இருக்கறப்ப அது எனக்குப் பெரிய பாடமுங்க. அதுலருந்து பெட்டிக்குள்ள தண்ணி சென்சார் வச்சிருக்கேன், கடலுக்குப் போயி வந்த உடனே சார்ஜ் போடறதில்ல, தொறந்து பாத்து ஒரு மணி நேரம் விட்டுத்தான் போடறேன், அதுவும் வீட்டுக்கு வெளிய. லித்தியம் பேக் கட்டி முன்ன பின்ன பழக்கம் இல்லாதவங்க தயவு செஞ்சு இதை செய்ய வேண்டாமுங்க. மோட்டார் மவுன்ட் செய்யலாம், பெட்டி செய்யலாம், பேக் மட்டும் தெரிஞ்சவங்க கையால வரணும்.

அப்புறம் உங்க சென்னை மே மாச வெயில். கறுப்புப் பெட்டிய கார்ல பூட்டி வெயில்ல விட்டுட்டு டீ குடிக்கப் போனா பேட்டரி ஆயுசு அங்கேயே குறையும். வெள்ளைத் துணி போட்டு நிழல்ல வைங்க, ஒரு மாசம் ஓட்ட மாட்டீங்கன்னா பாதி சார்ஜ்ல வைங்க, ஃபுல் சார்ஜ்ல தூங்க விடாதீங்க.

கோவளத்துக்காரன்:

அண்ணே, நான் கோவளம் குப்பத்து ஆளு. அப்பா இன்னும் கடலுக்குப் போறாரு, நான் சர்ஃப் சொல்லித் தர்றேன். மேல சொன்னவங்க மோட்டாரப் பத்தி சொல்லிட்டாங்க, நான் கடலப் பத்தி சொல்றேன், ஏன்னா பெர்த்து கடல் வேற நம்ம கடல் வேற.

முதல் விஷயம் வலை. நம்ம பக்கம் கரைலேர்ந்து கிட்டத்துலயே நண்டு வலை விட்டிருப்பாங்க, சாயங்காலம் விட்டா காலைல தூக்குவாங்க, மேல மிதவை ஒண்ணு ரெண்டுதான் தெரியும், சில நேரம் தெரியாது. நீங்க சொல்ற அந்த நாலு மீட்டர் ஆழம் இருக்குல்ல, வலை இருக்கிற இடம் அதேதான். தங்கூசி நரம்பு புரொப்பல்லர்ல சுத்துச்சுன்னா கத்தி வச்சு ஒவ்வொண்ணா அறுத்துத்தான் எடுக்கணும், அதுக்குள்ள நீங்க கடல்ல நிக்கிறீங்க. உங்களுக்கு மோட்டார் போச்சுன்னா அது ஒரு செலவு, வலைக்காரருக்கு அன்னைக்கு சோறு போச்சு. வெறும் ஃபாயிலே வலையில மாட்டி ஆளத் தூக்கி அடிச்சதை நான் பாத்திருக்கேன், மோட்டாரோட போனா இன்னும் மோசம். எந்த எடத்துல வலை கெடக்குன்னு காலைல கரையில நிக்கிற பெரியவங்களக் கேட்டா சொல்லிடுவாங்க, அதைக் கேக்காம ஒருத்தரும் எறங்கக் கூடாது. ஒரு சின்ன கத்தி கைல கட்டிக்கோங்க.

ரெண்டாவது, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், பெரிய போட்டு கடலுக்குப் போகாது. ஆனா நம்ம ஃபைபர் போட்டு போகும், அதனால தடைக்காலம்னா கடல் காலின்னு நெனச்சுக்காதீங்க. காலைல அஞ்சு மணிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் போட்டு கரைக்கு வர்ற நேரம், அவங்க வர்ற வழியில நிக்கவே நிக்காதீங்க, அலையில ஏறி வர்ற போட்ட நிறுத்த முடியாது.

ஆமை. சனவரிலேர்ந்து மூணு நாலு மாசம் பங்குனி ஆமை முட்டை போட நம்ம கரைக்குத்தான் வரும். 2025 சனவரில சென்னை கரையில எத்தனை நூறு ஆமை செத்து ஒதுங்குச்சுன்னு நீங்களே பேப்பர்ல பாத்திருப்பீங்க. நம்மளால ஒண்ணு கூட அடிபடக் கூடாதுண்ணே. 20 கிலோமீட்டர் வேகத்துல போற ஃபாயில் விங் கத்திக்கு சமம். அந்த மாசத்துல கடல் கலங்கலா இருந்தா நான் ஃபாயில் எடுக்கறதே இல்ல.

அலைன்னு பாத்தா ஜூன் ஜூலை ஆகஸ்ட் காலைலதான் நமக்கு நல்ல நேரம், கச்சான் காத்து கரைலேர்ந்து கடலுக்கு அடிக்கும், தண்ணி மழமழன்னு இருக்கும், தெக்கேருந்து அலை வரிசையா வரும். மதியம் கடல்காத்து ஏறிட்டா கலங்கிடும். வாடைக் காலத்துல, அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும், அலை பெருசு ஆனா ஓட்டம் வடக்கேருந்து இழுத்துட்டே போகும், மோட்டார நம்பி தனியா வெளில போனா பேட்டரி தீந்தப்பறம் எங்க கரை ஏறுவீங்கன்னு சொல்ல முடியாது. சொறி, அதான் ஜெல்லி மீன், வர்ற நேரத்துலயும் புரொப்பல்லர்ல அடைச்சுக்கும்.

மோட்டார் வச்சா சர்ஃபிங் இல்லன்னு சொன்ன அண்ணன் யாருன்னு எனக்குத் தெரியும்னு நெனைக்கிறேன், நல்ல மனுஷன். அவரு பயப்படுறது என்னன்னா, மோட்டார் இருக்கறவன் எல்லா அலையையும் எடுத்துடுவான், கை போட்டு வர்ற பசங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது. அது நியாயம்தான். எல்லாரும் சர்ஃப் பண்ற பாயிண்டுல மோட்டாரோட வராதீங்க. வடக்கால தள்ளி யாரும் நிக்காத மணல் திட்டு ஒண்ணு இருக்கு, அங்க அலை தொப்பையா, செங்குத்தா உடையாம மெதுவா உருண்டு வரும், சர்ஃப்போர்டுக்கு ஆகாது, ஃபாயிலுக்கு அருமையா இருக்கும். அங்க எவ்வளவு வேணா ஓட்டுங்க.

அலைதேடி_ஈசிஆர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விளக்கமா வரும்னு எதிர்பாக்கல. பெர்த் அண்ணா சொன்ன அந்த அலை வேக கணக்கைப் படிச்சதும் எட்டு மாசமா நான் தப்பான இடத்துல நின்னிட்டு இருந்தேன்னு புரிஞ்சுது. தம்பி, வலை விஷயம் நான் யோசிக்கவே இல்ல, நாளைக்கு காலைல வந்து பேசறேன்.

இன்னும் ரெண்டு சந்தேகம். மோட்டார் பழகிட்டா பம்ப் பண்ண கத்துக்கவே மாட்டோமா? அப்புறம் என் மச்சான் டிசம்பர்ல மெல்போர்ன்லேர்ந்து வர்றான், அவன்கிட்ட கிட் வாங்கிட்டு வரச் சொல்லலாமா?

அறுகம்பே_அண்ணை:

தம்பி, நான் பொத்துவில் பக்கம், அறுகம் குடாவில சீசனுக்கு சர்ஃப் படிப்பிக்கிறனான், நாலு வருசமா ஃபாயில் செய்யிறன். என்ர கருத்து கொஞ்சம் வேற, கோவிக்காதேங்கோ.

முதல்ல மச்சான் விசயம். கொண்டுவரேலாது. பிளேன்ல லித்தியம் பேட்டரி 100 வாட்-ஹவர் வரைக்கும் பிரச்சனையில்லை, 100க்கு மேல 160 வரைக்கும் எயார்லைன் அனுமதி எடுக்கோணும், அதுக்கு மேல பயணிகள் பொதியில கொண்டுபோக விடவே மாட்டினம். இந்த அசிஸ்ட் பேட்டரியள் அனேகமா 160க்கு மேலதான். இங்க சீசனுக்கு வாற வெள்ளைக்காரர் ஒருத்தர் மோட்டாரையும் ரிமோட்டையும் கொண்டுவந்து, பேட்டரிய எயார்போர்ட்டில விட்டிட்டு வந்து, முழு மாசமும் மோட்டார அறைக்குள்ள வச்சிட்டுத் திரிஞ்சவர். மச்சானிட்ட மோட்டாரை மட்டும் எடுப்பிக்கலாம், பேட்டரி உங்கட ஊரில கட்டோணும், இல்லாட்டி சரக்கா முறைப்படி வரோணும். இதை யோசிச்சிட்டு காசைக் குடுங்கோ.

மற்றது, நீங்கள் எட்டு மாசத்தில அரை மணித்தியாலம் பறந்ததெண்டு சொல்லுறியள். அந்த நிலமையில மோட்டார் பூட்டினா ஒரே நேரத்தில ரெண்டு விசயம் படிக்கோணும், ஃபாயிலும் புதுசு, கையில திராட்டிலும் புதுசு. விழேக்க கீழ விங் மட்டுமில்ல, சுத்துற புரொப்பல்லரும் இருக்குது. டிரிகரை விட்டா நிக்கும், கை தண்ணிக்குள்ள போனா சிக்னல் போகாது அதால மோட்டார் தானா நிக்கும், அதெல்லாம் சரி. ஆனா விழுறவன் பயத்தில கையை இறுக்கிப் பொத்துவான், அது மனுச சுபாவம். ஆளையும் போர்டையும் கட்டுற லீஷ் கயிறு போய் புரொப்பல்லரில சுத்தினதையும் பாத்தனான். ஹெல்மெட்டும் இம்பாக்ட் வெஸ்ட்டும் இல்லாம ஒருத்தரையும் நான் ஏத்திறேல்ல, புரொப்பல்லருக்கு வளையம் போட்ட சாமானா எடுங்கோ.

என்னைக் கேட்டா முதல்ல விங் ஃபாயில், அதாவது பாய் மாதிரி ஒரு விங்கைக் கையில பிடிச்சு காத்தால ஓடுறது. உங்கட கையில இருக்கிற ஃபாயிலே போதும், காத்தடிக்கிற விங் ஒண்டும் கொஞ்சம் பெரிய போர்டும் வாங்கினா சரி, உங்கட பட்ஜெட்டில அரைவாசி கூட வராது. உங்களுக்கு ராமேஸ்வரம் கிட்டத்தில இருக்குது, எங்களுக்கு கற்பிட்டி. ரெண்டு இடத்திலயும் மே தொடக்கம் செப்டம்பர் வரைக்கும் நல்ல காத்து, தண்ணி அலையில்லாம சமனா இருக்கும். ஒரு கிழமை போய் நிண்டா நாளுக்கு ரெண்டு மணித்தியாலம் பறப்பியள், அந்த ஒரு கிழமையில உங்கட எட்டு மாசத்தை இருபது மடங்கு தாண்டிடுவியள். காலுக்கு ஃபாயில் விளங்கினாப்பிறகு மோட்டார் பூட்டினா அது சொர்க்கம், அதுக்கு முதல் பூட்டினா அடிதான்.

எங்கட மெயின் பாயிண்டில சீசன் நேரம் சரியான சனம், அங்க ஃபாயிலே கொண்டுபோகக் கூடாதெண்டு நான் சொல்லுவன், மோட்டார் இருக்கோ இல்லையோ அது வேற கதை. கோவளத்துத் தம்பி சொன்னது நூத்துக்கு நூறு சரி.

ஸ்வான்நதிக்கரை:

அறுகம்பே அண்ணன் சொன்ன விங் யோசனைக்கு நானும் கை தூக்குறேன், நானும் அப்படித்தான் வந்தேன். ஆனா பம்ப் விஷயத்துல என் அனுபவம் வேற. மோட்டார் வந்தா பம்ப் மறந்துடும்னு நானும் பயந்தேன், நடந்தது தலைகீழ். பம்ப் ஏன் வரமாட்டேங்குதுன்னா பழக இடமே கிடைக்கறதில்ல, அலை முடிஞ்சு ரெண்டு தடவை அமுக்குறதுக்குள்ள ஃபாயில் இறங்கிடும், அடுத்த முயற்சிக்கு இன்னும் அரை மணி நேரம் காத்திருக்கணும். மோட்டார் இருந்தா வேகத்தோட எழும்பி, ஆஃப் பண்ணி, எத்தனை தடவை பம்ப் பண்ண முடியுதுன்னு எண்ணலாம், இறங்கப் போகுதுன்னா மறுபடி தொட்டுக்கலாம். முதல் மாசம் ஆறு ஏழு தடவை அமுக்கினாலே மூச்சு வாங்கும், மூணாவது மாசம் ஒரு அலையை விட்டு வெளில பம்ப் பண்ணி வந்து அடுத்த அலைய பிடிச்சேன், மோட்டாரைத் தொடல. அதுக்கு முந்தின மூணு வருஷத்துல அது எனக்கு நடக்கவே இல்ல.

ஆனா ஒரு கட்டுப்பாடு வச்சுக்கிட்டேன், எழும்பறதுக்கு மட்டும் மோட்டார், அலை மேல இருக்கும்போது டிரிகர்ல விரல் கூட வைக்க மாட்டேன். அலையில வேகம் குறையும்போது மோட்டாரைத் தொட்டா அலை எங்க தள்ளுதுன்னு கால் கத்துக்காது. அப்படியே பழகி, அலையோட முகத்தை விட்டு எங்க எங்கயோ போற ஆளுங்க இங்கயும் இருக்காங்க.

இன்னொண்ணு, உங்க 75 சென்டிமீட்டர் மாஸ்ட் அசிஸ்டுக்குக் கொஞ்சம் குட்டை. மோட்டார் மேல ஒரு சாண் இடத்தை எடுத்துக்கும், அது தண்ணிக்கு வெளில வரணும்னா நீங்க அவ்வளவு உயரமாவே ஓட்டணும், அலுமினியம் மாஸ்ட் வேற கொஞ்சம் ஆடும். 85 கிட்ட இருந்தா வசதி. ஆனா நீளமான மாஸ்ட்னா நம்ம மணல் திட்டுல தட்டும், ஆழம் தெரிஞ்சு ஓட்டணும்.

கோவை_வைண்டிங்:

மவுன்ட் வாங்கறப்ப உங்க மாஸ்டோட குறுக்கு வெட்டு அளவை எடுத்துக்கோங்க, ஒவ்வொரு கம்பெனி மாஸ்டும் வேற வேற தடிமன், அடாப்டர் பொருந்தலைன்னா நான் 3டி பிரிண்ட் பண்ணித் தர்றேனுங்க. ஒரு பேப்பர்ல மாஸ்டை நிறுத்தி பென்சிலால சுத்தி வரைஞ்சு போட்டோ அனுப்பினா போதும். மோட்டாரை மட்டும் மச்சான் கொண்டுவந்தா, அந்த கண்ட்ரோலருக்கு எத்தனை வோல்ட் வேணும், பெட்டிக்கு வெளியிலேர்ந்து வேற பேட்டரி ஏத்துக்குமாங்கறதை முதல்ல கேட்டுச் சொல்லுங்க, சில கிட்ல அவங்க பேட்டரிய தவிர வேற எதையும் ஏத்துக்காதுங்க. அது தெரியாம வாங்கிடாதீங்க.

அலைதேடி_ஈசிஆர்:

சரி, இப்போ தெளிவாயிடுச்சு. டிசம்பர்ல மச்சான்கிட்ட எதுவும் சொல்லல. இப்போதைக்கு ஒரு 5 சதுர மீட்டர் விங்கும் 100 லிட்டர் கிட்ட ஒரு போர்டும் செகண்ட் ஹேண்ட்ல பாக்கறேன், மே மாசம் பத்து நாள் லீவ் போட்டு ராமேஸ்வரம். தொடர்ந்து அஞ்சு நிமிஷம் விழாம பறக்க வந்தப்பறம் மிச்சக் காசுல அசிஸ்ட், கோவை அண்ணா பேக் கட்டறவரை அறிமுகப்படுத்தினா போதும், நானா கட்ட மாட்டேன். வீட்ல எனக்கும் ரெண்டு பொண்ணுங்க.

கோவளத்துத் தம்பி, அந்த வடக்குத் திட்டு எங்கன்னு காட்டறியா? மோட்டார் இல்லாமயே அந்த தொப்பை அலையில ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாக்கணும்.

கோவளத்துக்காரன்:

ஞாயித்துக்கெழம வாங்கண்ணே, ஏழே முக்காலுக்கு. போட்டு வந்து முடியட்டும், அப்பாகிட்ட வலை எங்க கெடக்குன்னு கேட்டுட்டு ரெண்டு பேரும் சேர்ந்தே எறங்கலாம். வெயில் ஏறினா கச்சான் விட்டுடும், அதுக்கு முன்னாடி நாலு அலை எடுத்துடலாம். ஹெல்மெட் எடுத்துட்டு வாங்க.